வரைய முடியாத இடம்: நான்கு மாயக் கதைகளும் அவற்றின் சித்திர வடிவங்களும்

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டார நூலகத்தில் இரவல் இயந்திரத்தின் முன் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு தாய், மகன் கையிலிருந்த கிராஃபிக் நாவலை, அதாவது படக்கதையாக வரைந்த நாவலை, வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். “படம் பார்ப்பது படிப்பாகாது, கதைப் புத்தகமாக எடுத்து வா” என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வீடு வரும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அந்த வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு கிராஃபிக் நாவல்கள் கிடந்தன. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகளும், உயர்நிலை ஒன்றில் படிக்கும் அக்கா மகனும் அவற்றை மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாயிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான்குமே புகழ்பெற்ற மிகுபுனைவு நாவல்களின் சித்திர வடிவங்கள். டோல்கீனின் ‘தி ஹாபிட்’ (நாவல் 1937), ஃபிராங்க் பாமின் ‘ஓஸ் மந்திரவாதி’ (1900), மேடலின் லெங்கிளின் ‘எ ரிங்கிள் இன் டைம்’ (1962), உர்சுலா லெ குவின் எழுதிய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ (1968). இப்படிப்பட்ட புத்தகம் கைக்கு வந்தால் மூலத்தை மாற்றாமல் வரைந்திருக்கிறார்களா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் வேறு இடத்தில் தொடங்குகிறேன். நல்ல மாயக் கதை ஒவ்வொன்றிலும் சொல்லால் சொல்லிவிடலாம், கோட்டால் வரைய முடியாது என்னும்படி ஓர் இடம் இருக்கும். அந்தப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்ப்பேன். ஓவியர் அங்கே என்ன செய்திருக்கிறார் என்பதை வைத்தே மற்ற பக்கங்களையும் எடைபோடலாம்.

‘ஹாபிட்’டில் அந்த இடம் மலைக்கு அடியில் இருக்கும் குகை. கதைநாயகன் பில்போவும் கொல்லம் என்னும் குகைவாசியும் கும்மிருட்டில் விடுகதை போட்டுக்கொள்கிறார்கள். அவற்றில் ஒரு விடுகதைக்கு விடையே இருட்டுதான். நாவலில் நாமும் பில்போவோடு குருடாக உட்கார்ந்திருக்கிறோம். குரல் மட்டும் கேட்கிறது. சித்திரத்தில் அது நடக்காது, பக்கத்தை முழுக் கறுப்பாக விட்டால் பார்க்க எதுவும் இருக்காது. டேவிட் வென்செல் அந்த உலகத்தை நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார். குகையை நாம் பார்க்கிறோம், கொல்லத்தையும் பார்க்கிறோம், ஆகவே பயம் பாதியாகிவிடுகிறது. ஆனால் இந்தப் பதிப்பு அதற்கு வேறொரு வழியில் ஈடுகட்டுகிறது. சக் டிக்சனும் ஷான் டெமிங்கும் டோல்கீனின் வாக்கியங்களைத் தாராளமாக எடுத்துக் கட்டங்களுக்குள் வைத்திருக்கிறார்கள். 1989இலும் 1990இலும் மூன்று பாகங்களாக வந்து, பிறகு ஒரே தொகுப்பானது. 150 பக்கங்களுக்குள் முழுக் கதையும் அடங்கிவிடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் எழுத்து அடைத்துக்கொண்டு நிற்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. உரக்கப் படித்துக் காட்டுவதற்கு நான்கில் இதுதான் ஏற்றது. விளக்கை அணைத்துவிட்டு விடுகதைகளை நான் படிக்க, அவர்கள் விடை சொன்னார்கள். படம் தவறவிட்ட இருட்டைச் சொல் மீட்டுக் கொடுத்தது.

‘ஓஸ்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சிறு பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் கொடுக்கலாம். எரிக் ஷனோவர் எழுத்தில், ஸ்காட்டி யங் ஓவியத்தில் மார்வெல் நிறுவனம் வெளியிட்டது. 2010இல் சித்திரக்கதைகளுக்கான ஐஸ்னர் விருது பெற்றது. கதைநாயகி டோரத்தியின் காலணி நாவலில் உள்ளபடி வெள்ளிதான். சிவப்புக் காலணி 1939ஆம் ஆண்டுத் திரைப்படம் கொண்டுவந்தது. இதில் வரைய முடியாத இடம் மரகத நகரம். ஊருக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுகிறார்கள், அதனால்தான் எல்லாம் பச்சையாகத் தெரிகிறது. நகரத்தைப் பச்சையாக வரைந்தால் வாசகர் கண்ணிலும் கண்ணாடி ஏறிவிடுகிறது. யோசித்துப் பார்த்தால், சித்திரத்துக்கு இதைவிடத் தோதான ஏமாற்று கிடையாது. யங்கின் கோணல்மாணலான, துள்ளும் கோடுகள் மூன்று வயதுக் குழந்தையையும் இழுத்து உட்கார வைக்கின்றன. பன்னிரண்டு வயதுக்காரனுக்கு அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

என் மனத்தைப் பறித்தது ஹோப் லார்சன் வரைந்த ‘ரிங்கிள்’. நாவல் வந்து சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2012இல் வந்தது. மறு ஆண்டு ஐஸ்னர் விருதும் கிடைத்தது. 400 பக்கத்தை நெருங்கும் புத்தகம் முழுவதும் கறுப்பு, வெள்ளை, நீலம் மட்டும்தான். காலத்தையும் வெளியையும் மடித்துத் தாவும் வித்தையைப் பாவாடை விளிம்பில் ஊரும் எறும்பை வைத்து விளக்குகிறார்களே, அந்த இடமும், ஒரே மாதிரி வீடுகளின் முன்னே ஒரே தாளத்தில் பந்து தட்டும் பிள்ளைகளும் சித்திரத்துக்கென்றே எழுதியவை போலிருக்கின்றன. அவை எளிய வெற்றிகள்.

கடினமான இடம் பின்னால் வருகிறது. குளிரில் உறைந்து கிடக்கும் கதைநாயகி மெக்கைக் கண்ணே இல்லாத ஓர் உயிர் தூக்கிப் பராமரிக்கிறது. உடல் முழுக்க மென்மயிர், முகத்தில் கண் கிடையாது. மெக் அதை மிருகச் சித்தி என்று அழைக்கிறாள். ஒளி என்றால் என்ன, பார்ப்பது என்றால் என்ன என்று அது அவளிடம் கேட்கிறது. மெக்கால் சொல்ல முடியவில்லை. பார்வையைத் தவிர வேறு எதையும் நம்பாத ஒரு கலை, பார்வையே தெரியாத ஓர் உயிரின் முன்னால் வந்து நிற்கிறது. லார்சன் அந்த உயிரை மறைக்காமல் வரைந்து, விளக்கம் சொல்லித் தோற்கும் சிறுமியையும் வரைந்து, இரண்டையும் அருகருகே விட்டுவிடுகிறார். நமக்குத் தெரிவது அதற்குத் தெரியவில்லை. அதற்குத் தெரிவது நமக்குத் தெரியவில்லை.

இந்தப் பக்கங்களை மகளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஒளியை எப்படி விளக்குவது என்று நான் திணறியபோது அவள் குறுக்கிட்டாள். “அம்மா, நாம்தான் தொட்டுப் பார்க்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம் என்று சொல்கிறோமே. அப்படியென்றால் அந்தச் சித்தியும் பார்க்கிறதுதானே?” என்றாள். கண்ணை மூடிக்கொண்டு என் புடவைத் தலைப்பைத் தடவி, “பார்த்துவிட்டேன்” என்றாள். நாற்பது ஆண்டாக இந்த மொழியைப் பேசுகிறேன், எனக்கு அது தோன்றியதில்லை. தமிழில் நாக்கும் பார்க்கிறது, மூக்கும் பார்க்கிறது. ஆங்கிலத்தில் மெக் முட்டிக்கொண்ட சுவர் எங்கள் மேசையில் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. அந்த நேரத்தில் அவள் படம் மட்டுமா பார்த்துக்கொண்டிருந்தாள்? அந்தத் தாயிடம் இதைத்தான் கேட்க விரும்புகிறேன்.

நான்காவது ‘எர்த்சீ’, 2025இல் ஃபிரெட் ஃபோர்டாம் வரைந்து வந்தது. தீவுகளால் ஆன உலகம்; எங்கு போனாலும் கடல். தீவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இருக்கவில்லை. அங்கே ஒருவருக்குக் கூப்பிடும் பெயர் ஒன்று, மெய்ப்பெயர் வேறொன்று. மெய்ப்பெயரை உயிருக்கு உயிரானவரிடம்தான் சொல்வார்கள். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் ‘தம்பி’யுமாக வளரும் அக்கா மகனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கதையில் வரைய முடியாதது நிழல். செருக்கில் மந்திரம் போட்டு, கெட் என்னும் இளைஞன் இறந்தோர் உலகிலிருந்து ஒன்றைத் திறந்துவிடுகிறான். நாவலில் அதற்குத் தலையும் இல்லை, முகமும் இல்லை. தெளிவாக வரைந்தால் அது வெறும் பூதமாகிவிடும். வரையாமல் விட்டால் எதற்கு ஓடுகிறான் என்று புரியாது. ஃபோர்டாம் பக்கங்களையே இருட்டாக்கி அதற்குள் அதைக் கரைத்துவிடுகிறார். சொற்கள் குறைவு, கடலும் வானமும் நிறைய. வென்செலால் கொண்டுவர முடியாத இருட்டு இங்கே இருக்கிறது. ஆனால் படுக்கை விளக்கில் படிக்காதீர்கள், பாதி தெரியாமலே போகும். பகலில் சன்னலோரம் வைத்துப் படிக்க வேண்டும். லெ குவினின் உரைநடையில் இருக்கும் பழங்கதை சொல்லும் நிதானம் இதில் இல்லை, அது பெரிய இழப்புதான்.

இருந்தும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். காரணம் முகம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது மணியம் வரைந்த வந்தியத்தேவன்தான் இன்றுவரை என் தாயாருக்கு வந்தியத்தேவன். வரைந்த முகத்துக்கு அப்படி ஓர் அதிகாரம் உண்டு. கெட்டைச் செம்பழுப்பு நிறத்தவனாக, அவன் நண்பன் வெட்சைக் கறுப்பனாக எழுதியவர் லெ குவின். ஆனால் பல காலம் அட்டை ஓவியங்கள் அதை மதிக்கவில்லை. 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளையனாக்கியபோது அவரே வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். ஃபோர்டாமின் பக்கங்களில் கெட் பழுப்பாகவே இருக்கிறான், தொடக்கத்திலிருந்து முடிவு வரை. அக்கா மகன் ஒரு பக்கத்தின் மேல் தன் முன்கையை வைத்து நிறம் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பிக்கொண்டான்.

21 நாள் தவணை வரும் சனிக்கிழமையோடு முடிகிறது. ‘ஓஸ்’ போகலாம், ‘ஹாபிட்’டும் போகலாம். ‘ரிங்கிள்’ புத்தகத்துக்கு நீட்டிப்புக் கேட்கச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். அக்கா மகன் நேற்றிரவு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான்: “சித்தி, எர்த்சீயின் படமில்லாத புத்தகம் நூலகத்தில் இருக்கிறதா?”