ஹைடல்பெர்க் படகுப் பயணம்: போய்வர டிக்கெட் வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடையில் ஒரு சனி, ஞாயிறு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்துக்குப் போய் நெக்கார் ஆற்றில் படகு ஏறலாம் என்று யோசித்தால், ஷ்டாட்ஹாலெ (நகர விழா அரங்கம்) பக்கத்துத் துறையில் எல்லாரும் வரிசையில் நின்று வாங்குகிற அந்தப் போய்வர டிக்கெட்டை வாங்காதீர்கள். ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் நெக்கார்ஷ்டைனாக் என்ற ஊர் வரை போய்த் திரும்ப மூன்று மணி நேரம் ஆகும். அதில் பின்பாதி முழுக்க, போகும்போது பார்த்த அதே மலை, அதே மரம், அதே ரயில் பாதைதான். படகு நன்றாகத்தான் இருக்கிறது, ஆறு அதைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்று மணி நேரத்துக்குத் தாங்காது. இரண்டாவது மணி நேரத்தில் மேல்தளத்தில் பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டு இருப்பார்கள்.

அதற்குப் பதில் தலைகீழாகச் செய்யுங்கள். காலையில் எஸ்1 அல்லது எஸ்2 என்ற எஸ்-பான் உள்ளூர் ரயிலைப் பிடித்து நெக்கார்ஷ்டைனாக் போய்விடுங்கள், ஹைடல்பெர்க்கிலிருந்து இருபது நிமிஷத்துக்குப் பக்கம்தான். டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்குச் செல்லும் மாதப் பாஸ்) இருந்தால் தனியாகச் செலவே இல்லை (படகுக்கு அது செல்லாது, கேட்டு அசடு வழிய வேண்டாம்). அங்கே கோட்டைகளை ஏறிப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் ஹைடல்பெர்க் திரும்பும் படகில் ஒருவழி டிக்கெட் எடுத்து ஆற்றோட்டத்தோடு இறங்கி வாருங்கள். ஒன்றரை மணி நேரம். இந்தப் பயணத்துக்கு அதுதான் சரியான அளவு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, நல்ல காட்சி கடைசியில் வரும். ஹைடல்பெர்க்கில் ஏறினால் பழைய பாலமும் அரண்மனையும் முதல் பத்து நிமிஷத்திலேயே முடிந்துவிடும். அப்புறம் எதற்குக் காத்திருப்பது?

நெக்கார்ஷ்டைனாக் சின்ன ஊர். சுற்றிலும் பெரும்பாலும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் இருக்க, இது ஹெஸ்ஸன் மாநிலத்தைச் சேர்ந்தது, அந்த மாநிலத்தின் தென்கோடி ஊர் இதுதான். மலைச்சரிவில் வரிசையாக நான்கு கோட்டைகள். முன்கோட்டையும் நடுக்கோட்டையும் தனியார் சொத்து, உள்ளே விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பின்கோட்டையும் ஷாடெக்கும் இடிபாடுகள், அவற்றுக்குள் தாராளமாகப் போகலாம். ஷாடெக் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு நிற்கும், அதைத் தகைவிலான் கூடு என்றுதான் அங்கே சொல்கிறார்கள். நான்கையும் இணைத்துக் காட்டுப் பாதை இருக்கிறது. ஏற்றம்தான், ஆனால் நல்ல நிழல். செருப்போடு போகாதீர்கள், ஷூ வேண்டும்.

இனி படகு. மேல்தளம் திறந்தவெளி, கீழே கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. ஜூன், ஜூலை வெயிலில் மேலே தொப்பி இல்லாமல் உட்கார்ந்தால் மண்டை காய்ந்துவிடும், ஆனாலும் மேலேதான் உட்கார வேண்டும், கீழே இருந்தால் பாதிக் காட்சி பக்கத்துக்காரரின் முதுகுதான். இங்கே நான் சொல்லும் வழியில் ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. ஹைடல்பெர்க்கில் ஏறி அப்படியே திரும்புகிறவர்கள் நல்ல இடங்களைப் பிடித்து வைத்திருப்பார்கள். சனி, ஞாயிறில் துறைக்கு அரை மணி முன்னதாகவே போய் நின்றால்தான் மேலே இடம் கிடைக்கும். எந்தப் பக்கம் உட்காருவது என்று கேட்டால், பின்பக்கம், இடதுபுறம். பெரும்பாலானவர்கள் முன்னால் ஓடுவார்கள், ஓடட்டும். காரணம் பிறகு சொல்கிறேன்.

கிளம்பியதும் வலதுபுறம் கோட்டைகள், நீங்கள் காலையில் ஏறி இறங்கிய பாதை கீழிருந்து பார்த்தால் இவ்வளவுதானா என்று இருக்கும். எதிர்க்கரையில் குன்றின் உச்சியில் தில்ஸ்பெர்க், மதில் சூழ்ந்த ஊர். ஆறு அந்தக் குன்றைச் சுற்றி வளைந்து போவதால் அது ரொம்ப நேரம் கண்ணை விட்டுப் போகாது. அப்புறம் நெக்கார்கெமுண்ட். அங்கேதான் முதல் மதகு.

மதகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது கோட்டையைவிட இதுதான். நெக்கார் இப்போது இயல்பாக ஓடும் ஆறு இல்லை. மான்ஹைமிலிருந்து ப்ளோஹிங்கன் வரை 27 தடுப்பணை கட்டி, தண்ணீரைப் படிப்படியாகத் தேக்கி, சரக்குக் கப்பல் போகிற நீர்வழியாக மாற்றியிருக்கிறார்கள். 1935-ல் ஹைல்ப்ரான் வரை, 1958-ல் ஷ்டுட்கார்ட் வரை, 1968-ல் ப்ளோஹிங்கன் வரை. ஒவ்வொரு அணைக்கும் பக்கத்தில் படகை ஏற்றி இறக்கும் மதகு அறை இருக்கும். 110 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். படகு உள்ளே நுழைந்ததும் பின்னால் கதவு மூடும். படகுப் பணியாளர் ஒருவர் கயிற்றை முளையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பார். கயிறு முனகும். படகு அசைகிறதா என்றே தெரியாது, பக்கத்துச் சுவர்தான் உயர்ந்துகொண்டே போகும், பாசி பிடித்து, தண்ணீர் சொட்டிக்கொண்டு, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல (நீட்டாதீர்கள், திட்டுவார்கள்). பிறகு முன்கதவு திறக்கும், மறுபடி ஆறு. ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா அதுவரை தூங்கிவழிந்துகொண்டு இருந்தவர், இங்கே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "நம்மூர்ல தண்ணிய நிறுத்தத்தான் ஷட்டர் போடுவாங்க, இவன் கப்பலையே உள்ள வச்சு அடைச்சுப்புட்டானேடா" என்றார். கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளே ஏற்கெனவே சரக்குக் கப்பல் இருந்தால் வெளியே காத்திருக்க நேரும். அதையும் வேடிக்கை பாருங்கள். அந்தக் கப்பல்கள் அறையை அடைத்துக்கொண்டுதான் நுழையும், இரண்டு பக்கமும் இடைவெளி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஹைல்ப்ரான் சுரங்கத்து உப்பு இந்த ஆற்றில்தான் போகிறது.

அதன் பிறகு கொஞ்ச நேரம் சும்மா. காடு, வீடு, வலதுபுறம் நொய்பூர்க் மடம், அவ்வளவுதான். காபி குடிப்பதென்றால் இப்போது குடித்துவிடுங்கள். படகுக் கடையில் காபி சுமார், கேக் பரவாயில்லை, சைவம் சாப்பிடுகிறவர்கள் வயிறு நிறையும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒலிபெருக்கியில் வரும் விளக்கம் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் ஓடும், மேல்தளக் காற்றில் பாதி காதில் விழாது, விழாததால் பெரிய நஷ்டமும் இல்லை.

ஹைடல்பெர்க்கின் கிழக்கு ஓரத்தில் இன்னொரு மதகு. அதைத் தாண்டியதும் இடதுபுறம் மலைமேல் அரண்மனை, எதிரே பாலம். மதியத்துக்கு மேல் வருவதால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், முன்னால் இடம் பிடித்தவர்கள் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டுக் கருப்பாக விழுகிறது என்று புலம்புவார்கள். பாலத்தின் அடியில் படகு நுழைந்து மறுபக்கம் வந்ததும் பின்னால் திரும்பிப் பாருங்கள். மேற்கு வெயில் பட்டு, சிவப்புக் கல் பாலமும் அதற்கு மேலே அரண்மனையும் ஒரே சட்டத்துக்குள் நிற்கும். பின்பக்கம் உட்காரச் சொன்னது இதற்குத்தான். இப்போதிருக்கும் பாலம் 1788-ல் கட்டி முடித்தது. 1945 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படையே அதன் வளைவுகள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தது, போர் முடிந்ததும் மறுபடி கட்டினார்கள். அரண்மனைக்குப் பிரெஞ்சுப் படை 1689-லும் 1693-லும் வந்து வேலையைக் காட்டியது. மிச்சத்தை 1764-ல் இடி விழுந்து முடித்தது.

குறைந்த நேரம்தான் இருக்கிறது, அல்லது கைக்குழந்தையோடு வருகிறீர்கள் என்றால் ஊரை ஒட்டியே ஒரு மணி நேரத்துக்குள் சுற்றிக் காட்டும் சவாரிகள் உண்டு. அவற்றில் சூரிய மின்சாரத்தில் ஓடும் படகு கிடைத்தால் அதையே எடுங்கள். டீசல் வாடை இல்லை, பேசினால் காதில் விழும். ஆனால் மதகு அனுபவம் வேண்டும் என்றால் இது உதவாது.

நாள் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம். வருஷத்தில் மூன்று சனிக்கிழமை ராத்திரி அரண்மனைக்குச் செவ்வொளி போட்டு, பாலத்திலிருந்து வாணவேடிக்கை விடுவார்கள். வழக்கமாக ஜூன் முதல் சனி, ஜூலை இரண்டாம் சனி, செப்டம்பர் முதல் சனி. அரண்மனை எரிந்ததை நினைவுகூரும் வெளிச்சம் அது. அன்று தனிப் படகுகளும் விடுவார்கள், முன்பதிவு இல்லாமல் வாய்ப்பே இல்லை. எனக்கு அந்தக் கூட்டம் ஒத்துவராது. அன்று தங்கும் அறை விலையைப் பார்த்தாலே வாணவேடிக்கை தெரியும். எதிர்க்கரையில் நொய்யன்ஹைம் பகுதிப் புல்வெளியில் உட்கார்ந்தால் இலவசமாகவே பார்க்கலாம் என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு முன் அரண்மனை. பழைய ஊரின் கார்ன்மார்க்ட் சதுக்கத்திலிருந்து மலை ரயில் ஏறிப் போகலாம், அரண்மனை டிக்கெட்டிலேயே அந்தக் கட்டணமும் அடக்கம். 2 லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும் மது பீப்பாய் ஒன்று இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். எதிர்க்கரை மலைச்சரிவில் இருக்கும் தத்துவவாதிகள் பாதை என்ற நடைபாதைக்கும் போகச் சொல்வேன், ஆனால் மூட்டுவலி உள்ள பெரியவர்களைப் பாலத்துக்கு எதிரே தொடங்கும் பாம்பு வழியில் ஏற்றாதீர்கள், படியும் செங்குத்துமாக உயிரை வாங்கும். நொய்யன்ஹைம் பக்கச் சாலையும் ஏற்றம்தான், படியாவது இல்லை. சாப்பாட்டுக்கு நடுத்தெருவில் சுற்றுலாக்காரர்களுக்கென்றே இருக்கும் ஓர் இடத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டோம், ஆறிப்போன நூடுல்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். சந்துக்குள் நுழைந்தால் நிலைமை தேவலை.

ஞாயிறு சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், தண்ணீரும் நொறுக்குத்தீனியும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். படகு நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், எல்லாக் கிழமையும் ஓடாது, நெக்கார்ஷ்டைனாக்கிலிருந்து திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் காலை ரயிலையே முடிவு செய்ய வேண்டும். தவறவிட்டாலும் மோசமில்லை, எஸ்-பான் இருக்கிறது.