சிறுநீர்க் கசிவுக்கென ஒரு தனிப் பிரிவு: மதுரை மருத்துவமனை ஒன்றில் கிடைத்த சேவை

இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவதை வயதின் இயல்பு என்று பொறுத்துக்கொண்டிருந்த என் அம்மாவை, மதுரையிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் இடுப்புத்தள (சிறுநீர்ப்பையைத் தாங்கும் அடியிடுப்புத் தசைகள்) சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். பெண் மருத்துவர் முதலில் என்னை வெளியே அமரச் சொன்னார். மகளின் முன்னால் வாய் திறக்காத அம்மா, பிறப்புறுப்பின் வறட்சியையும் எரிச்சலையும் அந்தத் தனிமையில்தான் சொல்லியிருக்கிறார். இதற்காகவே இப்பிரிவைத் தாராளமாகப் பாராட்டலாம்.

தொற்று இல்லை என்று சிறுநீர்ப் பரிசோதனையில் உறுதிசெய்த பிறகு, குடித்த நீரின் அளவையும் சிறுநீர் கழித்த நேரங்களையும் 3 நாள்களுக்குக் குறித்துவரச் சொன்னார்கள். எடுத்த எடுப்பில் அறுவை சிகிச்சையைப் பேசாமல், 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் எழுதிப் பரவலாக்கிய இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை, சரியான தசைதான் சுருங்குகிறதா என்று சோதித்தபடியே பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார்; பலன் தெரியக் குறைந்தது 3 மாதங்களாகும் என்பதையும் மறைக்கவில்லை. வறட்சிக்கு, மாதவிடாய் நின்றபின் குறையும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை அவ்விடத்திலேயே ஈடுசெய்யும் களிம்பு தரப்பட்டது.

வரவேற்பு மேசையில் மட்டும், வந்த காரணத்தைப் பலரும் கேட்கும்படி உரக்க விசாரிக்கிறார்கள். கூச்சத்தை விட்டு வந்தவர் அப்படியே திரும்பிவிடக்கூடும். இத்தகைய நோயாளிகள் காத்திருக்கும் இடத்திலிருந்து கழிப்பறை அவ்வளவு தொலைவில் இருப்பதும் விந்தைதான்.