காயலான் கடையிலிருந்து ஒரு கொல்லுப்பட்டறை: பழைய கருவிகள் பல ஆண்டு உழைப்பில் காட்டிய குணம்

கொல்லு வேலை பழக நினைக்கும் இளம் பிள்ளைகள் முதலில் தேடுவது, காணொளிகளில் பார்த்த அந்தக் கொம்பு வைத்த பட்டறைக்கல்லைத்தான், அதாவது காய்ச்சிய இரும்பை மேலே வைத்து அடிக்கும் இரும்புக் கட்டையைத்தான். புதிதாக வாங்கினால் கையிருப்பு முழுக்க அதிலேயே போய்விடும். மலிவு விலையில் கிடைப்பவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அடி தவறி விளிம்பில் விழுந்தால் சில்லு பெயரும், அடித்த அடியின் வேகத்தையும் கல்லே விழுங்கிவிடும். கொம்பு இல்லாமலே கொக்கி, உளி, கத்தி, குறடு எல்லாம் அடிக்கலாம். வளைவு போட ஒரு பழைய ஆக்சில் துண்டு போதும். நம் ஊர்ப் பட்டறைகளில் மரக்கட்டைக்குள் இறக்கிய சிறிய சதுரக் கல்லில்தான் அரிவாளும் ஏர்க்கொழுவும் தலைமுறை தலைமுறையாக உருவாகி வந்திருக்கின்றன. காசைப் போட வேண்டியது கல்லின் உருவத்தில் அல்ல, சுத்தியலுக்கு நேர் கீழே இருக்கும் எடையில்.

எடைக்கு வாங்க வேண்டிய இடம் பழைய இரும்புக்கடை. சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று பெயர் பெற்ற இடங்கள் உண்டு. புதுப்பேட்டையில் வண்டிச் சாமான்தான் அதிகம்; பிரேக் டிரம், பட்டை ஸ்பிரிங், ஆக்சில் எடுக்க அங்கே போகலாம். கனமான கட்டை இரும்பு வேண்டுமென்றால் லேத் பட்டறைகளும் ஃபேப்ரிகேஷன் கூடங்களும் இருக்கிற கிண்டி, அம்பத்தூர், திருச்சி துவாக்குடிப் பக்கம் விசாரிப்பது நல்லது. அங்கே வெட்டி மிஞ்சிய துண்டுகள் காயலான் கடைக்குப் போவதற்கு முன்பே கிடைக்கும். ஆயுத பூஜைக்கு முந்தைய நாட்களில் பட்டறைகள் சுத்தம் செய்யப்படுவதால், மூலையில் கிடந்த வைஸும் சுத்தியல் தலையும் வெளியே வரும். பழைய கொல்லர் வீடுகளில் மட்டும் பட்டறைக்கல்லுக்கு எடுத்த எடுப்பில் விலை கேட்காதீர்கள். பல குடும்பங்களில் அது கும்பிடுகிற பொருள். "ஆசாரி ஐயா, வேலை பழகுறேன், உபயோகத்துல இல்லாத குறடு, சுத்தியல் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டால் பொருளோடு நாலு நல்ல வார்த்தையும் கிடைக்கும்.

விலையைப் பொறுத்தவரை, கடைக்காரர் அன்றைக்கு இரும்பை என்ன விலைக்கு எடுக்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குவியலில் நீங்களே பொறுக்கி எடுத்த துண்டுக்கு அதன் ஒன்றரை மடங்கு கொடுப்பது நியாயம். நல்ல வைஸுக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் நட்டமில்லை. "இது பட்டறைக்கல்லுண்ணே" என்று நீங்களே பெயர் சொல்லிவிட்டால் விலை ஏறும். "கனமான கட்டை வேணும்ணே" என்றால் தராசில் ஏறும்.

பையில் எடுத்துப்போக வேண்டியவை: ஒரு காந்தம், ஒரு சின்ன அரம், அளவு நாடா, 25 மி.மீ. விட்டமுள்ள பேரிங் குண்டு ஒன்று. குண்டை 25 செ.மீ. உயரத்திலிருந்து கட்டையின் மேல் நழுவ விடுங்கள். 15 செ.மீ.க்கு மேல் துள்ளினால் அது நல்ல எஃகு. பாதி உயரம் வந்தாலே பழகுகிறவருக்குப் போதும். 'தொப்' என்று விழுந்து கிடந்தால் அது வார்ப்பிரும்பு, அல்லது உள்ளே விரிசல் ஓடியிருக்கிறது. துருப்பொரி மேல் விழுந்தாலும் குண்டு துள்ளாது. அதனால் அரத்தால் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சுரண்டிவிட்டுச் சோதியுங்கள். நாலைந்து இடங்களில் விட்டுப் பார்ப்பதும் அவசியம். ஒரு மூலை மட்டும் செத்துக் கிடந்தால், அந்த மூலைக்கு அடியில்தான் கோளாறு.

பட்டறைக்கல்லாக உதவும் பழைய பொருள்களில் நீண்ட நாள் உழைப்பில் முதலிடம் தண்டவாளத் துண்டுக்குத்தான். நம் ரயில் பாதைகளில் பெரும்பாலும் இருப்பவை மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ எடையுள்ளவை. 40 செ.மீ. துண்டு என்றால் முறையே 21, 24 கிலோ வரும். படுக்க வைத்து அடித்தால் நடுவிலுள்ள மெல்லிய தண்டு அதிர்ந்து அடியின் பலத்தைத் தின்றுவிடும், காதும் கிழியும். அதே துண்டை நட்டுக்குத்தாக நிறுத்திப் பாதி வரை மரக்கட்டைக்குள் இறக்கினால், மொத்த எடையும் சுத்தியலுக்கு நேர் கீழே வந்துவிடும். மேல் முகம் சின்னதாகத் தோன்றும். கவலை வேண்டாம், ஒரு சமயத்தில் சுத்தியல் தொடும் இடம் அதைவிடச் சின்னது. தண்டவாள எஃகில் கார்பன் சுமார் 0.6 முதல் 0.8 சதம். தோய்ச்சல் (காய்ச்சி முக்கிக் கடினப்படுத்துவது) எதுவும் போடாமலே ஆண்டுக்கணக்கில் குழியாமல் தாங்கும்.

இதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம், 1966-ன்படி, திருட்டுப் பொருள் என்று சந்தேகப்படத்தக்க ரயில்வே பொருள் ஒருவரிடம் இருந்தால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை. ரயில்வே பழைய தண்டவாளத்தைப் பெரிய லாட்டுகளாக ஏலத்தில்தான் விற்கிறது. அந்த ஏலச்சரக்குக்கு ரசீது வைத்திருக்கும் வியாபாரியிடம், உங்கள் பெயருக்குப் பில் போட்டு வாங்குங்கள். பாதையோரம் கிடக்கும் துண்டைத் தொடவே வேண்டாம். பில் கிடைக்காது என்றால் வேறு பொருளுக்குப் போய்விடுவதே நல்லது.

அந்த வேறு பொருள்களும் இளைத்தவை அல்ல. 10 செ.மீ. சதுரத்தில் 30 செ.மீ. நீளமுள்ள எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கட்டை 23.5 கிலோ. மெத்தென்ற இரும்பு என்பதால் குளிர்ந்த இரும்பை அடித்தாலோ சுத்தியல் விளிம்பு பட்டாலோ வடு விழும். ஆனால் உடையாது; கிரைண்டரால் முகத்தைத் தேய்த்துச் சமன் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் முள்துண்டு இதைவிடக் கடினம், ஓரங்கள் கூர்மையாக நிற்கும். கிடைத்தால் விடாதீர்கள். ஜேசிபி போன்ற எந்திரங்களின் தடித்த பின்னை நட்டு வைத்தால் உருண்டை முகம் கிடைக்கும், கரண்டி, கிண்ண வேலைக்கு அருமை.

கல் எதுவானாலும் அடிக்கட்டைதான் அதற்கு உயிர். புளியங்கட்டை பிளக்காமல் தாங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் மரம் சுருங்கிக் கல் ஆட ஆரம்பிக்கும். கட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை ஒன்று போட்டு, இடுக்கில் ஆப்பு இறக்கிவிட்டால் சரியாகிவிடும். நின்று வேலை செய்பவர், கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால் விரல் கணு வரும் உயரத்தில் கல்முகம் இருக்க வேண்டும். உட்கார்ந்து அடிக்கும் நம் ஊர் முறை கைகூடுமானால் கட்டையைத் தரையில் புதைத்துவிடலாம், ஆட்டமே இருக்காது.

சுத்தியலுக்கு 800 கிராம் முதல் 1 கிலோ போதும். இரண்டு கிலோ சம்மட்டியை ஆசைக்கு எடுப்பவர்களுக்கு மணிக்கட்டும் முழங்கையும்தான் வலிக்கும். பழைய பால்பீன் (ஒரு முனை உருண்டையான) சுத்தியல் தலை மட்டும் கிடைத்தால் அதுவே நல்லது, பிடி நாம் போட்டுக்கொள்ளலாம். பிடித்துளையின் உள்பக்கச் சுவரில் விரிசல் இருக்கிறதா, முகத்தில் வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் வேண்டாம். விளிம்பு காளான் மாதிரி விரிந்திருந்தால் அதைத் தேய்த்து எடுத்த பிறகுதான் அடிக்கத் தொடங்க வேண்டும். அந்த விரிந்த ஓரம் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. கடையில் வாங்கிய எந்தச் சுத்தியலும் முகம் தட்டையாக, ஓரம் கூராக இருக்கும். ஓரத்தை 3 மி.மீ. அளவுக்கு உருட்டி, முகத்தை லேசாகக் குவியவிட்டால் இரும்பில் பிறை பிறையாக வெட்டு விழாது. தேய்க்கும்போது தலை கை பொறுக்காத சூடானால் தண்ணீரில் நனைத்துக்கொண்டே செய்யுங்கள், இல்லாவிட்டால் முகத்தின் கடினம் இறங்கிவிடும். பிடி தளர்ந்தால் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து ஆப்பு அடித்தால் நிற்கும்.

குறடு விஷயத்தில் அவசரம் கூடாது. 60 செ.மீ. நீளக் கம்பியோடு ஆரம்பித்தால் குறடே வேண்டாம், மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். பழைய குறடு வாங்கினால் அதன் வாய் ஏதோ ஒரு கனத்துக்குப் பழகியிருக்கும். உங்கள் 12 மி.மீ. கம்பிக்கு அது பொருந்தாது. வாயைச் சிவக்கக் காய்ச்சி, அந்தக் கம்பியை வைத்து அடித்து உட்கார வையுங்கள். பிடித்திருக்கும்போது குறட்டின் இரு கைப்பிடிக் கால்களுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஆணி தளர்ந்திருப்பது குறையே இல்லை, சூடாக்கித் தட்டினால் இறுகும். வாய்க்கும் ஆணித்துளைக்கும் நடுவே மெலிந்து போயிருந்தால்தான் ஆபத்து, சிவந்த இரும்போடு அந்த இடத்தில் முறியும். ஸ்பிரிங் பட்டையில் செய்த குறடு பார்க்கப் பலமாக இருந்தாலும், சூடேறியபோதெல்லாம் தண்ணீரில் முக்கினால் ஒருநாள் படீரென்று விரிசல் விடும். சாதாரண எம்.எஸ். குறடு வளையும், உடையாது.

உலைக்குச் சிறு சரக்கு வண்டியின் பிரேக் டிரம் போதும். லாரி டிரம் ஆழம் அதிகம், கரியைத் தின்று தீர்க்கும். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அடித்துளையில் 10 மி.மீ. தகட்டில் 8 மி.மீ. துளைகள் சில போட்டு வைத்து, உட்சுவரில் களிமண்ணும் மணலும் பூசிக் காயவிடுங்கள். வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைப்பதுதான் இந்த டிரம்களைக் கொல்கிறது. வார்ப்பிரும்பு, ஒரே நாளில் பிளக்கும். கரியைக் கிளறிப் பரப்பிவிட்டால் தானே அடங்கும். காற்றுக்குழாயாக 40 மி.மீ. கறுப்பு எம்.எஸ். குழாய்தான் வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் கையில் கிடைக்கிறதே என்று உலைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால், சூட்டில் துத்தநாகம் புகைந்து குளிர்காய்ச்சல் வரவழைக்கும். குரோம் பூசிய எதையும் நெருப்பில் வைக்காதீர்கள்.

உலைக்குக் காற்று ஊத, கையால் சுற்றும் பழைய புளோயர் கிடைத்தால் அதை வேகமாகச் சுற்றிக் கையை விடுங்கள். கைப்பிடி தானாக இன்னும் கொஞ்சம் ஓடினால் நல்லது. கரகரவென்று நின்றால் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. மின்சார புளோயர் என்றால் வேகத்தைக் குறைக்க முயல்வதைவிடக் குழாயில் நகரும் தகடு ஒன்று வைத்துக் காற்றை மட்டுப்படுத்துங்கள். ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேலங் கரி விலைக்கு ஏற்ற நல்ல சூடு தரும். கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக உடைத்து, காற்றுத்துளைக்கு மேல் 10, 12 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி வையுங்கள். உயரம் குறைந்தால் காற்று நேரே இரும்பில் பட்டுச் செதில் செதிலாகப் பொரி கட்டும்.

வைஸ் வாங்கும்போது பூச்சு, துரு எதையும் பார்க்க வேண்டாம். முழுக்கத் திறந்து, திருகுமரையின் நடுப்பகுதியையும் ஓரத்தையும் ஒப்பிடுங்கள். நடுவில் மட்டும் மரை கத்தி முனைபோல் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் சீக்கிரம் வழுக்கிவிடும். கைப்பிடி அரைச் சுற்று சும்மா சுற்றுவது பரவாயில்லை. சாதாரண மேசை வைஸ் வார்ப்பிரும்பு. அதில் பிடித்து வளைக்கலாம், முறுக்கலாம், சம்மட்டியால் அடிக்கக் கூடாது. தரை வரை கால் நீண்ட லெக் வைஸ் எங்காவது கிடைத்தால், ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் எடுத்துவிடுங்கள்.

கத்தி, உளி அடிக்க லாரியின் பட்டை ஸ்பிரிங்கைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 10 மி.மீ. கனத்தைக் கையால் மெலியவைப்பது பழகுகிறவருக்குப் பெரும் பாடு. காரின் 12 மி.மீ. சுருள் ஸ்பிரிங் இதைவிட இணக்கமானது. உடைந்த பட்டை என்றால் நடு போல்ட் துளையின் இருபுறமும் நாலு விரல்கடை தள்ளி வெட்டுங்கள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். எந்த எஃகு என்று தெரியாவிட்டால், சின்னத் துண்டைக் காந்தம் ஒட்டாத சூடு வரை காய்ச்சி எண்ணெயில் முக்குங்கள். அரம் வழுக்கினால் கடினப்படும் எஃகு. பிறகு துணியால் சுற்றி வைஸில் உடைத்துப் பாருங்கள். உட்பக்கம் சாம்பல்போல் மென்மையாக இருந்தால் சூடு சரி, மணல்போல் மினுங்கினால் அதிகம் காய்ச்சிவிட்டீர்கள்.

பழையதாக வாங்கவே கூடாதவையும் உண்டு: இரும்பு தேய்க்கும் கிரைண்டரின் கல், கண் பாதுகாப்புக் கண்ணாடி, மூடி இல்லாத கிரைண்டர். ஷாக் அப்சார்பர், இருபுறமும் அடைத்த குழாய் ஆகியவற்றை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். நெருப்பில் வைத்தால் உள்ளே இருக்கும் எண்ணெயும் காற்றும் வெடித்துவிடும்.