கோல்ஃப் ஜிடிஐ டைவர்ட்டர் வால்வு: ஒரிஜினலா, உலோக பிஸ்டனா?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்யூன் (எஞ்சின் சக்தியைக் கூட்டும் மென்பொருள் மாற்றம்) செய்யாத காருக்கு, டர்போவில் இருக்கும் இந்த டைவர்ட்டர் வால்வில் ஒரிஜினலே போதும். ட்யூன் செய்யப் போகிறவர் உலோக பிஸ்டன் வகைக்கு நேராகப் போய்விடலாம். ‘ப்ஷ்ஷ்’ சத்தத்துக்காக மாற்ற நினைப்பவர் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

என்னுடையது ஆறாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, செகண்ட்ஹேண்டில் எடுத்தது. 2.0 லிட்டர் டர்போ, 210 குதிரைசக்தி, டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர். ட்யூன் எதுவும் கிடையாது. கோலாலம்பூரின் (கேஎல்) செந்தூலில் இருந்து ஷா ஆலமுக்கு வேலைக்கு ஓடுகிறது, அதாவது பாதி நேரம் ஜேமில் நிற்கிறது. லீவு கிடைத்தால் மலைப்பாதையான காராக் நெடுஞ்சாலை.

இந்த வால்வின் வேலை சின்னதுதான். முழு பூஸ்டில், அதாவது டர்போ காற்றை முழுதாக அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும்போது, மிதியிலிருந்து காலை எடுத்தால் த்ராட்டில் என்ற காற்றுக்கதவு மூடிக்கொள்கிறது. டர்போ சக்கரமோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழன்றுகொண்டிருக்கும். அழுத்திய காற்றுக்குப் போக வழியில்லை என்றால் திரும்பி வந்து அந்தச் சக்கரத்தையே மோதும். பேரிங்குக்கு அது நல்லதல்ல. அதனால் வால்வு திறந்து, காற்றை டர்போவின் வாய்ப்பக்கத்துக்கே, அதாவது காற்று உள்ளே நுழையும் பக்கத்துக்கே, திருப்பி அனுப்புகிறது. பழைய கார்களில் இதை வேக்குவம் குழாய் திறக்கும். இந்த எஞ்சினில் இசியு (எஞ்சினின் கணினி) மின்சாரம் கொடுத்து சோலினாய்டால் (மின்காந்தச் சுருள்) திறக்கிறது.

திறக்காமல் போவதைவிட மூடாமல் போவதுதான் இதில் அடிக்கடி வரும் தொல்லை. அது உடனே தெரியவும் தெரியாது. கசிந்த காற்றை ஈடுகட்ட இசியு டர்போவைக் கூடுதலாக வேலை வாங்கும். ஊருக்குள் ஓட்டினால் கார் நன்றாக இருப்பது போலவே இருக்கும். காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் டோல் தாண்டி ஏற்றத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு மிதிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். என் காரில் மூன்றாவது கியரில் இழுத்துக்கொண்டு போகும், பிறகு மூச்சு வாங்கியது போலத் தளரும். அப்புறம் ஒருநாள் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேன் செய்தால் பி0299 என்ற பிழைக்குறியீடு, அதாவது பூஸ்ட் போதவில்லை.

இந்தக் குறியீடு வந்தவுடன் வால்வை ஆர்டர் போட்டுவிடாதீர்கள். இன்டர்கூலர் குழாய், பிசிவி (எஞ்சின் ஆவியை வெளியேற்றும் வால்வு), என்75 (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) என்று சந்தேகப்பட நிறைய இருக்கிறது. சான் சோவ் லின் பக்கம் நான் போகும் பட்டறையில் ஃபோர்மேன் அண்ணன் சொன்னது: “தம்பி, பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி காத்து எங்க போவுதுன்னு பாப்போம்.” புகை விட்டுப் பார்த்தார். வெளியே எங்கும் கசிவில்லை. அதுவே ஒரு துப்பு. இந்த வால்வு கசிந்தால் காற்று வெளியே வராது, உள்ளுக்குள்ளேயே டர்போவின் வாய்ப்பக்கம் போய்விடும். காரைத் தூக்கி, அடியிலிருந்து மூன்று போல்ட்டைக் கழற்றினார். கையில் வந்தது முன்பிருந்த ஓனர் போட்டிருந்த மலிவு காப்பி. உதரவிதான ரப்பரை (உள்ளே காற்றை அடைக்கும் மெல்லிய ரப்பர்) விரலால் தள்ளி வெளிச்சத்தில் பிடித்தால், ஓரத்தில் பிறை வடிவத்தில் கிழிந்து ஒளி தெரிந்தது. ரப்பர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் கேஎல் ஜேமின் சூடும் சேர்ந்தால் ரப்பர் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

மாற்றுக்கு நான் பார்த்தவை இரண்டு. ஒன்று ஒரிஜினல் வகை. இன்னொன்று ஆஸ்திரேலியாவின் ஜிஎஃப்பி தயாரிக்கும் டிவி பிளஸ் (DV+) என்ற உலோக பிஸ்டன் கிட். இது முழு வால்வு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அலுமினிய உடலும் பித்தளை பிஸ்டனும் புதிதாக வரும். சோலினாய்டு உங்கள் பழைய வால்விலிருந்துதான் போக வேண்டும். அந்த சோலினாய்டே செத்திருந்தால் கிட் வாங்கிப் பயனில்லை. 12 வோல்ட் கொடுத்து ‘டக்’ என்று இழுக்கிறதா என்று அண்ணன் பார்த்தார், இழுத்தது. ஒரிஜினலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கொடுத்து நான் கிட்டையே எடுத்தேன். ட்யூன் ஆசை ஒரு மூலையில் இருந்தது, வேறென்ன.

அதற்குப் பிறகு டயர், பேட்டரி எல்லாம் ஒருமுறை மாறிவிட்டன, வால்வு அப்படியே இருக்கிறது. பி0299 திரும்ப வரவில்லை. ஏற்றத்தில் அந்தத் தளர்ச்சி போய்விட்டது. இதில் எவ்வளவு கிட்டின் பெருமை, எவ்வளவு கிழிந்த ரப்பர் போனதன் பலன் என்று கேட்டால், பெரும்பங்கு இரண்டாவதுதான். புது ஒரிஜினல் போட்டிருந்தாலும் இதே சந்தோஷம் கிடைத்திருக்கும். கிட்டுக்கே உரியது என்று நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். காலை எடுத்து உடனே மிதித்தால், சுங்கச்சாவடி வரிசையில் புகுவது போன்ற இடங்களில், பூஸ்ட் கொஞ்சம் சீக்கிரம் திரும்புகிறது. அதுவும் கவனித்தால்தான் தெரியும். குறை என்றால், பிஸ்டனில் எண்ணெய்ப் பசை படிகிறது. பெரிய சர்வீஸ் வரும்போது கழற்றித் துடைத்து லேசாக கிரீஸ் வைக்கச் சொல்கிறேன். பட்டறையில் அதற்குத் தனிக்கூலி.

என் மச்சானிடம் சிரோக்கோ 2.0 இருக்கிறது, அதே குடும்பத்து எஞ்சின். அவர் ஒரிஜினலையே போட்டார், கழற்றுவது துடைப்பது எதுவும் இல்லை. இரண்டு காரையும் மாற்றி மாற்றி கெந்திங் மலை வரை ஓட்டிப் பார்த்தோம். வால்வை வைத்து எது யாருடைய கார் என்று இருவராலும் சொல்ல முடியவில்லை.

‘ப்ஷ்ஷ்’ சத்தத்தோடு காற்றை வெளியே விடும் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில் அது தலைவலி. அளந்து கணக்கில் எழுதிய காற்று வெளியே போனாலும் இசியு அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். கியர் மாற்றும்போது கறுப்புப் புகை, ஐடிலில் தடுமாற்றம் எல்லாம் அதனால்தான். சத்தத்தைக் கேட்டு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சாலைத் தடுப்பில் ஓரம் கட்டச் சொன்னால் அது தனிக்கதை.

வாங்கும்போது எஞ்சின் குறியீட்டையும் பழைய வால்வின் பார்ட் நம்பரையும் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். ‘ஜிடிஐக்கு’ என்று மட்டும் சொன்னால் வேறு தலைமுறையின் வால்வு வந்து சேரலாம். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கும் ‘ஒரிஜினல்’ பெட்டியை நான் நம்புவதில்லை. வால்வோடு சீல் வளையம் புதிதாக வருகிறதா என்று பாருங்கள், பழையதையே திரும்பப் போட விடாதீர்கள். டர்போ உடலில் இருக்கும் மரை அலுமினியம், அதனால் போல்ட்டை முதல் சில சுற்றுக்குக் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு போனால் ஃபோர்மேனும் திட்டாமல் வேலை செய்வார்.