ஹட்டனில் ஒரு உயர்தர உயிரியல் வகுப்பு: சுவாசப் பாடத்துக்காகவே சேரலாம்

தங்கச்சியைச் சேர்க்கப் போன இடத்தில் நானும் பின் வாங்கில் உட்கார்ந்து கேட்டேன், சேர் ஒன்றும் சொல்லவில்லை. சுவாசம் என்றால் நம்ம பக்க வகுப்புகளில் "நீள்வளைய மையவிழையத்தில் சுவாச மையம் இருக்கிறது, காபனீரொட்சைட்டு கூடினால் மூச்சு கூடும்" என்று எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். இங்கே அந்த மையம் எப்படித் தாளம் போடுகிறது என்பதில் பாடமே தொடங்குகிறது.

1991இல் ஸ்மித், ஃபெல்ட்மன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் புதிதாகப் பிறந்த எலியின் மூளைத்தண்டிலிருந்து ஒரு மெல்லிய துண்டை வெட்டியெடுத்துக் கரைசலில் வைத்தார்கள். நுரையீரல் இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, ஆனாலும் நாக்குக்குப் போகும் நரம்பின் வேரில் மூச்சுத் தாளம் விட்டுவிட்டு வந்தது. அது உருவாகும் இடத்துக்குப் பெயர் பிரீ-பொட்சிங்கர் தொகுதி. சரி, அந்தக் கரைசலில் என்ன இருந்தது என்று சேர் கேட்டபோது வகுப்பே அமைதி. மூளையில் கலங்களுக்கு வெளியே பொற்றாசியம் ஏறத்தாழ 3 மில்லிமோலர்தான், இந்தத் துண்டுகளுக்கோ வழக்கமாக 8, 9 வரை ஏற்றுவார்கள். வெளியே பொற்றாசியம் கூடினால் உள்ளே இருப்பது வெளியே கசிவது குறையும், கலமென்சவ்வின் மின்னழுத்தம் மறைப்பெறுமானத்திலிருந்து மேலே ஏறும், மெல்லத் திறந்தே கிடக்கும் சோடிய ஓட்டமும் சேர்ந்தால் நரம்புக்கலம் சுட, அதாவது மின் துடிப்பை அனுப்பத் தயாராகிவிடும். மூளையின் மற்றப் பகுதிகளிலிருந்து வரும் தூண்டல் துண்டில் அறுந்துபோயிருப்பதால் அதை இப்படி ஈடுசெய்கிறார்கள். கல்சியம் இதற்கு நேர்மாறு, வெளியே அது குறைந்தால்தான் கலங்கள் சுலபமாகக் கிளர்ச்சியடையும். பொற்றாசியத்தை அளவுக்கு மீறி ஏற்றினாலோ தாளம் குலைந்து கலங்கள் அடங்கிவிடும். இத்தனையையும் போர்டில் ஒரே கோடாக, மேலே ஏற ஏற எங்கே சுடும், எங்கே நிற்கும் என்று வரைந்து காட்டினார். அப்படியொரு விளக்கத்தை நான் படித்த காலத்தில் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. தொகுதியில் தனிக்கலமே தாளம் போடுகிறதா, வலையாகச் சேர்ந்துதான் போடுகின்றனவா என்று இன்னும் வாதம் நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார், அதற்காகவே எனக்கு அவர் மீது பெரிய மரியாதை.

குறை என்றால் இடம்தான். தகரக் கூரையில் மழை விழுந்தால் பின் வாங்குக்கு ஒன்றும் கேட்காது, டியூட்டில், அதாவது கையில் தரும் அச்சுத் தாளில், படங்களும் மங்கல், அதனால் நேரத்தோடு போய் முன்னால் இடம்பிடித்துப் போர்டில் வரைவதைக் கொப்பியில் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள்.