நடுவண் ஆய்வகமா, நோயாளியருகே கருவியா?

வருவாய் குறைந்த நாடுகளில் நோயறிதல் வசதியைப் பெருக்க முனைவோர், நன்கு அமைந்த நடுவண் ஆய்வகத்துக்கு மாதிரிகளைக் கொண்டுசேர்ப்பதா, சிறு கருவிகளை மருத்துவ நிலையங்களிலேயே நிறுவுவதா என்ற கேள்வியை எதிர்கொள்கின்றனர். முடிவு எவ்வளவு விரைவில் சிகிச்சையாக மாறுகிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

முதல் வழிக்கு உகாண்டா நல்ல சான்று. அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் கிராமப்புற நிலையங்களின் மாதிரிகளைத் திரட்டித் தர, அவை கம்பாலாவிலுள்ள மைய ஆய்வகத்தைச் சென்றடைகின்றன. எச்.ஐ.வி. சோதனைக்காகப் பச்சிளங்குழந்தையின் குதிகாலில் குத்தியெடுத்த இரத்தத்தைத் தடித்த வடிதாளின் வட்டங்களில் சொட்டவிட்டு, உலர்த்தி, ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு பையிலிட்டு மூடினால் போதும், குளிர்பெட்டிகூடத் தேவையில்லை. தேர்ந்த பணியாளர் சிலரைக் கொண்டே பெருந்தொகை மாதிரிகளை ஒரே தரத்தில் சோதிக்கலாம்.

குறை, முடிவு திரும்பி வரும் பாதையில் இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் சிகிச்சையின்றி இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகின்றனர் என்பதால், இங்கே தாமதம் உயிரைப் பறிக்கும். மொசாம்பிக்கில் நடந்த ஆய்வொன்றில், நிலையத்திலேயே சோதிக்கப்பட்டுத் தொற்று உறுதியான குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் 60 நாள்களுக்குள் சிகிச்சை தொடங்கினர். மையத்துக்கு மாதிரி அனுப்பப்பட்டவர்களுள் எட்டில் ஒருவரே தொடங்கினர்.

காசநோயிலும் நிலைமை இதுவே. நுண்ணோக்கியில் தெரிய ஒரு மில்லிலிட்டர் சளியில் ஆயிரக்கணக்கான கிருமிகள் இருந்தாக வேண்டும். 2010-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி, அதைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையையும், முதன்மைக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி காட்டும் எதிர்ப்பையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடுகிறது. ஆயினும் அறை வெப்பம் 30 பாகையைத் தாண்டினாலோ மின்சாரம் நின்றாலோ கருவி தடுமாறும். நான்கு அறைகள் கொண்ட கருவியில் ஓர் அறை பழுதானால், சரிசெய்ய ஆள் வரும்வரை கால்பங்குத் திறன் போய்விடும். கருவியை நன்கொடையாகத் தந்துவிட்டு, ஒவ்வொரு சோதனைக்கும் தேவைப்படும் கார்ட்ரிட்ஜுக்கும் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்காமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

ஆகவே குழந்தைகளின் எச்.ஐ.வி. சோதனைக்கும் காசநோய்க்கும் நிலையக் கருவியையே தேர்வேன். வைரஸ் அளவு கண்காணிப்பு, கிருமி வளர்ப்புச் சோதனை போன்றவை நடுவண் ஆய்வகத்தில் நடக்கட்டும்; அங்கிருந்து முடிவுகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஏற்பாட்டுக்கு, மாதிரி ஏற்றிவரும் வண்டிக்கு ஒதுக்கும் அதே திட்டத்திலேயே பணம் ஒதுக்கப்பட வேண்டும்.