மெம்பெலமும் ஒரு சொல்மூலச் செயலியும்: மூன்று நட்சத்திரம்

மலாய், இந்தோனேசிய மொழிகளில் உள்ள கடன் சொற்கள் எங்கிருந்து வந்தவை என்று காட்டும் அகராதிச் செயலி ஒன்றைக் கொஞ்ச நாளாக வைத்திருக்கிறேன். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

இந்த மாதிரி எதையும் சோதிக்க நான் முதலில் தட்டும் சொல் மலாயின் 'மெம்பெலம்'. நம்ம மாம்பழமேதான். மலாயில் ழகரம் இல்லை, அதனால் பழம் 'பெலம்' ஆகிவிட்டது, முன்னால் இருந்த நெடில் தேய்ந்து 'மெம்' என்று சுருங்கிவிட்டது, அப்புறம் அந்த மகரமும் விழுந்து 'எம்பெலம்' என்று ஒரு வடிவம், மலேசியாவின் வட மாநிலமான கெடா பக்கம் தலையே போய் வெறும் 'பெலம்', ஜாவா மொழிக்குப் போனால் 'பெலெம்'. இவ்வளவு அலைந்த சொல்லுக்குச் செயலி தருவது ஒரே வார்த்தை: 'தமிழ்'. எந்தத் தமிழ்ச் சொல், எப்படி மாறியது, ஒன்றும் கிடையாது. எம்பெலம் என்று தட்டினால் சரியான பதிவுக்குக் கொண்டுபோகிறது, பெலம் என்று தட்டினால் கையை விரிக்கிறது. வடக்கில் வாழ்கிறவர்கள் வாயில் புழங்கும் வடிவமே அதுதானே!

'மங்கா' பதிவு பரவாயில்லை. இந்தோனேசியாவில் இதுதான் பொதுவழக்கு, மூலம் மாங்காய் என்று தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் மலாயில் மங்கா என்றால் தொங்கு பூட்டும்தான், பழத்தையும் பூட்டையும் எண் போட்டுப் பிரிக்காமல் ஒரே பதிவில் கொட்டி வைத்திருப்பது சோம்பேறித்தனம்.

எனக்குப் பிடித்தது எடுத்துக்காட்டுகள். 'மெம்பெலம் மூடா' என்று ஒன்று இருக்கிறது, 'மூடா' என்றால் இளசு, ஆக அது நம் மாங்காய். நாம் காய் வேறு பழம் வேறு என்று பிரித்து அனுப்பிய இரண்டு சொல்லும் அங்கே போய், காயானாலும் கனியானாலும் ஒரே பெயர் என்று ஆகிவிட்டன. பக்கத்திலேயே 'பாவ்' என்று மாம்பழத்துக்கு மலாயில் உள்ள சொந்தச் சொல்லையும் காட்டுகிறது. பினாங்கில் பெர்மாத்தாங் பாவ் என்று ஊர்ப்பெயரில் கேட்டிருப்பீர்களே, அதே பாவ்.

சந்தா கட்டினால் விளம்பரம் மட்டும்தான் போகிறது, பதிவுகள் அதேதான். இலவசப் பதிப்பே போதும், இணையம் இல்லாமலும் ஓடுகிறது. வட்டார வடிவங்களைத் தேடலில் சேர்த்தால் மறுநாளே நான் பணம் கட்டுவேன்.